கரவனுக்குத் தோதான வண்டி

கரவன் என்னும் அந்தச் சில்லு வைத்த வீட்டைப் பின்னால் இணைத்த மறுகணமே காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் இருந்த பீற்றரின் கராஜ் முற்றத்தில், தமது சிறிய சிவப்புக் காரின் சாரதி ஆசனத்தில் அமர்ந்திருந்தார் அம்பலவாணன். எதிரே நின்ற மதில் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதையும், அதற்கு மேலே மேகக் கூட்டமொன்று தோன்றுவதையும் கண்டு அவர் ஸ்ரியரிங்கை இறுகப் பற்றிக்கொண்டார்.

"அண்ணை, அசையாதேங்கோ," என்று வெளியிலிருந்து பீற்றரின் குரல் கேட்டது. "இப்ப நீங்கள் இறங்கினால் இன்னும் எழும்பும்."

"இழுக்குமோ பீற்றர்?"

"இழுக்கும். கரவன் காரை இழுக்கும். இறக்கமான றோட்டிலை போனால் கிளாக்டன் கடற்கரைக்கு உங்களுக்கு முன்னம் அதுதான் போய்ச் சேரும்."

பீற்றர் மன்னார்க்காரன். ஊரில் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்தியவன். இங்கே பழைய வாகனங்களை வாங்கித் திருத்தி விற்கிறான். அவன் இரண்டு கைகளாலும் கொளுக்கியைக் கழற்றியதும் கார் பொத்தென்று தரைக்கு வந்தது. அம்பலவாணனின் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது.

"அண்ணை, இதுக்கு ஒரு கணக்கு இருக்கு," என்றான் பீற்றர். "சாமான் ஏத்தின கரவன், காரின்ர பாரத்திலை நூற்றுக்கு எண்பத்தைஞ்சுக்கு மேலை போகக்கூடாது. போனால், வாலாட்டுற நாய் போய் நாயை ஆட்டுற வால் வந்திடும்."

அம்பலவாணனின் முகம் மலர்ந்தது. பாரம் என்பது அவருக்குப் பிடித்த பாடம். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில், வரும் பொதிகளை நிறுத்துப் பதிவதே அவருடைய வேலை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு எடை உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பாதித் துன்பம் தீர்ந்தது என்பது அவரது நம்பிக்கை. உடனே சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார். வெறும் கரவன் எழுநூற்றிருபது கிலோ. இரண்டு பேருக்கு வேண்டிய சாமான் நூற்றிமுப்பது கிலோ. ஆக எண்ணூற்றைம்பது. அப்படியானால் கார் ஆயிரம் கிலோவுக்குக் குறையக்கூடாது.

"இரண்டு பேருக்கோ?" என்று கேட்டான் பீற்றர்.

"ஓம். நானும் என்ர மனுசியும் மட்டும்."

அதைச் சொல்லும்போது அம்பலவாணனுக்கு நாற்பத்தெட்டு வயதிலும் காது சிவந்தது.

அந்தக் கரவன் வந்த கதை சிறியது. களஞ்சியத்தில் அவருக்கு மேலாளராக இருந்த வெள்ளைக்காரர் ஓய்வு பெற்று ஸ்பெயினுக்குப் போகும்போது, பதினொரு ஆண்டுகளில் ஒரு நாள்கூட எடை பிழைக்காத அம்பலவாணனுக்கு அதைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அது வேண்டும் என்று அம்பலவாணன் விரும்பிய காரணம் பெரியது.

மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது அவருடைய வீடு. அதன் முகவரியை அவரைவிட ஊரவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து விமான நிலையத்தில் இறங்கும் எவருடைய கையிலும் அந்த முகவரி எழுதிய கடதாசித் துண்டு ஒன்று இருக்கும். வந்தவர்கள் தங்கினார்கள், வேலை எடுத்தார்கள், வேறு வீடு பார்த்துப் போனார்கள், போன வேகத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அவருடைய மனைவி சிவனேஸ்வரி ஒருவரையும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. ஆனால் அவள் லண்டனுக்கு வந்த இந்த ஏழு ஆண்டுகளில், கணவனும் மனைவியும் தனியாக எதிரெதிரே இருந்து ஒரு வேளை உணவு உண்டதில்லை. ஒரு நாள் அம்பலவாணன் இதை எண்ணிப் பார்த்தார். அவருடைய தராசில் அது மிகவும் பாரமாக இருந்தது.

ஆமையின் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதில்லை. அது அன்பில்லாத பிராணி என்பதனால் அல்ல; அதன் வீட்டில் அதற்கு மட்டுமே இடம் இருக்கிறது. ஆமையைப் போலச் சின்னஞ்சிறு வீடொன்றை இழுத்துக்கொண்டு, ஆவணி மாதத்தில் ஒரே ஒரு கிழமை கிளாக்டன் கடற்கரைக்குப் போய்விடுவது என்று அவர் தீர்மானித்தார். கரவன் நிறுத்தும் இடத்துக்கும் பதிவு செய்துவிட்டார்.

சிவனேஸ்வரியிடம் இதைச் சொன்னபோது அவள் பருப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கை ஆர் சமைக்கிறது?" என்றாள்.

"நான். உள்ளுக்கு ரெண்டு அடுப்பு இருக்கு. நீ சும்மா கடலைப் பாத்துக்கொண்டிரு."

"கடல் இருந்தாலும் சரி, இல்லாட்டிலும் சரி," என்றாள் சிவனேஸ்வரி. "வாசல் மணி அடிக்காத ஒரு கிழமையெண்டால் எனக்கு அது போதும்."

அப்போது வாசல் மணி அடித்தது. அவள் சிரித்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.

இவ்வளவு தெளிவாக இருந்த விடயம், கார் தெரிந்தெடுக்கப் போன இடத்தில்தான் குழம்பியது.

ஆயிரம் கிலோக் கார் என்றால் எந்தக் கார்? அம்பலவாணனுக்கு எடை தெரியும், கார் தெரியாது. கார் தெரிந்தவர் லண்டனின் தெற்கே, சட்டன் என்ற ஊரில் இருந்தார். அவர் சிவனேஸ்வரியின் தமையன் ஞானரட்ணம். இரண்டு வருடம் மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓட்டியவர். அதற்குப் பிறகு அவர் பேசிய எல்லாப் பேச்சுமே கார்ப் பேச்சுத்தான். ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அம்பலவாணன் வேலையிடத்திலிருந்து ரெலிபோன் எடுத்தார். சட்டனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்; இணைப்புக் கிடைக்கவில்லை. சரி, மனைவியிடம் சொல்வோம் என்று வீட்டுக்கு எடுத்தார். அங்கும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை ஞானரட்ணம் நேரிலேயே வந்து பீற்றரின் முற்றத்தில் நின்றார். நீல நிறக் கார் ஒன்றைச் சுற்றி மூன்று முறை வலம் வந்தார். அதன் சில்லை உதைத்தார்.

"இதுதான் மச்சான் உனக்குச் சரி. ஆயிரத்தி இருபது கிலோ. நல்ல இழுவை. அஞ்சு பேர் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம்."

"நல்லது மச்சான். இதையே எடுப்பம்."

ஞானரட்ணம் பின் ஆசனத்தை நீண்ட நேரம் பார்த்தார். "அஞ்சு பேர் இருக்கலாம்," என்று மறுபடியும் சொன்னார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். "பிள்ளையளும் இந்த நாட்டுக்கு வந்து இன்னும் ஒரு கடலைக் காணேல்லை."

நம்மவர்களிடையே ஒரு மரியாதை உண்டு. பெருமூச்சு ஒன்று காதில் விழுந்தால் அதற்கு மறுமொழி சொல்லாமல் இருக்க முடியாது. நாங்கள் சும்மா "நீங்களும் வாங்கோவன்" என்போம். அவர்கள் "சீச்சீ, நீங்கள் போட்டு வாங்கோ" என்பார்கள். இன்னொரு முறை அழைப்போம். இன்னொரு முறை மறுப்பார்கள். இரு பக்கமும் கடமை முடிந்து தேநீர் குடிக்கலாம்.

"நீங்களும் வாங்கோவன் மச்சான்," என்றார் அம்பலவாணன்.

"சரி," என்றார் ஞானரட்ணம். "நீ இவ்வளவு வற்புறுத்தேக்கை எப்பிடி மாட்டன் எண்டுறது?"

பீற்றர் குனிந்து, இல்லாத ஒரு திருகாணியை இறுக்கினான்.

ஞானரட்ணம், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள்: நான்கு பேர். இவர்கள் இருவர். ஆறு பேர் ஐந்து ஆசனத்தில் இருக்க முடியாது. அதோடு ஞானரட்ணத்தின் மனைவி கொண்டுவரும் சாமான்களின் பட்டியலும் வந்துசேர்ந்தது: அரை மூட்டை அரிசி, இடியப்பத் தட்டு, இரண்டு கூடாரம், மடக்குக் கதிரை ஆறு. அம்பலவாணன் கொப்பியைத் திறந்தார். சாமானோடு கரவன் ஆயிரத்திருபது கிலோ. ஆகவே கார் ஆயிரத்திருநூறு கிலோ வேண்டும். நீலக் கார் போய், சுவீடன்காரர் செய்த நீளமான கார் ஒன்று வந்தது. பின்பக்கக் கதவை நோக்கியபடி மேலதிகமாக இரண்டு ஆசனங்கள் அதில் இருந்தன. மொத்தம் ஏழு.

வீட்டுக்குத் திரும்பி, தலையைத் தொங்கப்போட்டபடி மனைவியிடம் சொன்னார். "உன்ர கொண்ணையை மறிக்க ஏலாமல் போச்சு."

"பரவாயில்லை," என்றாள் சிவனேஸ்வரி. "பிள்ளையள் பாவம்." அவள் முகத்தில் ஏமாற்றத்தின் நிழல்கூட இல்லை. எவ்வளவு பொறுமைசாலி என்று அவர் எண்ணிக்கொண்டார்.

"ஆறு பேர்தானே," என்று தம்மையே தேற்றிக்கொண்டார். "ஒரு சீற் மிச்சம் கிடக்கு."

அப்போது மாடிப்படியில் ஒரு சத்தம் கேட்டது. அருள்நாயகி மாமி இறங்கி வந்துகொண்டிருந்தார். சிவனேஸ்வரியின் பக்கத்து உறவு; மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு கிழமை நின்று போக வந்து, இன்னும் போகாதவர் அவர். காலில் புத்தம் புதிய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து.

"தம்பி, மணலுக்கை நடக்க இது தோதா இருக்குமோ? பிள்ளை சிவனேஸ்வரியோடை ஈஸ்ட்ஹாம் கடையிலை வாங்கினது. நாலைஞ்சு கிழமையாக் கடிக்குது. இப்பதான் கொஞ்சம் இளகியிருக்கு."

அம்பலவாணன் மாமியின் சப்பாத்தைப் பார்த்தார். மாமியின் முகத்தைப் பார்த்தார். வயது போன ஒரு மனுசியைத் தனியே வீட்டில் விட்டுப் போவது எப்படி? அவர் அதை முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

"தோதா இருக்கும் மாமி," என்றார்.

மாமியின் பாரம் அதிகமில்லை. ஆனால் மாமியோடு பித்தளைக் குத்துவிளக்கும், சாமிப்படம் ஐந்தும், மின்சார ஆட்டுக்கல்லும் வரும். "ஒரு கிழமை தோசை இல்லாமல் என்னாலை ஏலாது தம்பி." அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தபோது, நீளக் காரின் பின்பக்கம் தரையைத் தொட்டுக் கும்பிட்டது.

"அண்ணை, இதுக்கு மேலை கரவனுக்கை ஒரு கரண்டியும் வைக்க ஏலாது," என்றான் பீற்றர். "அச்சு முறிஞ்சிடும். மிச்சச் சாமான் இழுக்கிற வண்டிக்குள்ளைதான் போகவேணும்."

"அப்ப இன்னும் பெரிசு வேணுமோ?"

"அது உங்கட குடும்பத்தைப் பொறுத்தது."

குடும்பம் அன்று பின்னேரமே ரெலிபோனில் வந்தது. பார்க்கிங்கில் இருக்கும் தமக்கை தவநாயகி.

"தம்பி, கிளாக்டனுக்குப் போறியளாம். இருபத்தொன்பதாந் திகதியாம். காலமை எட்டரைக்காம்."

எட்டரை என்று அவரே இன்னும் தீர்மானித்திருக்கவில்லை. "ஆரக்கா சொன்னது?"

"ஆர் சொன்னால் என்ன? நீ சொல்லேல்லை. பெண்சாதியின்ர ஆக்கள் எல்லாரும் போகினம். கூடப் பிறந்தவள் இஞ்சை நிண்டு வெய்யில் காயட்டும் எண்டு விட்டிட்டாய். பரவாயில்லை. நான் ஒண்டும் நினைக்கேல்லை."

தவநாயகி ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னால், அதை அடுத்த பத்து ஆண்டுகளுக்கு நினைத்திருப்பாள் என்று பொருள். அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டு அழைப்பு விடுத்தார். தமக்கை, அத்தான், மூன்று பிள்ளைகள்: ஐவர். எல்லாமாகப் பன்னிரண்டு.

மறுநாள் அவர் பீற்றரின் முற்றத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்தார். கொப்பியைத் திறக்கவே இல்லை.

"பீற்றர், நான் ஒரு காரைத் தேடி வெளிக்கிட்டன். காரைப் பெருப்பிக்க ஆக்கள் கூடுகினம். ஆக்கள் கூடக் காரைப் பெருப்பிக்கிறன். இது எங்கை போய் நிக்கும்?"

பீற்றர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். பிறகு முற்றத்தின் மூலையில் நின்ற தன் வெள்ளை மினிபஸ்ஸைக் காட்டினான். ஆடி மாதத்தில் மாதாவின் திருத்தலத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி அது. முன் கண்ணாடியில் செபமாலை ஒன்று தொங்கியது.

"இதிலை நிக்கும் அண்ணை. பன்னிரண்டு சீற். ஆயிரத்தி எண்ணூறு கிலோ. உங்கட கரவனை இழுக்கிறதே இதுக்குத் தெரியாது."

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ஆசனம், எண்பத்தைந்து என்ன, அறுபதுகூட வராத பாரம். அம்பலவாணன் வாளியிலிருந்து எழுந்தார். தனிமை போனது போகட்டும், எடையாவது சரிவந்ததே.

இருபத்தொன்பதாம் திகதி காலை வெயில் எறித்தது. ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்க முன்னர் வண்டி நகர வேண்டும் என்று அருள்நாயகி மாமி கட்டளையிட்டிருந்தார். மினிபஸ் வீட்டு வாசலில் நின்றது. பின்னால் கரவன், ஒரு விரற்கடை சரிவுகூட இல்லாமல் நேராக நின்றது. சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழங்கள் வைத்தாயிற்று. செபமாலைக்குப் பக்கத்தில் மாமியின் பிள்ளையார் ஒருவர் ஒட்டப்பட்டு, இருவரும் சேர்ந்தே குலுங்கக் காத்திருந்தனர்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில் சாரதி ஆசனத்தில் பீற்றர் ஏறி அமர்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி டொலறஸ், மடியில் ஒரு பெரிய கேக் பெட்டியுடன் அமர்ந்தாள்.

அம்பலவாணன் திகைத்தார். "பீற்றர், மச்சான் எல்லோ ஓடுறார்?"

"இன்சூரன்ஸ் என்ர பேரிலை அண்ணை. நான்தான் ஓடவேணும்."

"டொலறஸ் தங்கச்சி?"

"இவவை விட்டிட்டு ஒரு கிழமை கடற்கரைக்குப் போனால், நான் திரும்பி வரேக்கை கதவுக்குப் பூட்டு மாறியிருக்கும்."

அம்பலவாணன் உள்ளே எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு தலைகள். வெளியே இரண்டு தலைகள். இரண்டு மாதமாகக் கிலோவை எண்ணியவர், வண்டி ஓட்டுபவனின் தலையை எண்ண மறந்துபோனார்.

"நாங்கள் ரெண்டு பேரும் கரவனுக்கை இருந்து வாறம்," என்றார் பதறிப்போய்.

"ஓடேக்கை அதுக்குள்ளை ஆளிருக்கச் சட்டம் விடாது அண்ணை."

வண்டிக்குள்ளிருந்து ஞானரட்ணம் முன்னுக்குச் சாய்ந்தார். "மச்சான், நாங்கள் இறங்குறம். நீங்கள் போங்கோ. உன்ர கரவன், உன்ர பயணம்." அதைச் சொல்லும்போதே அவர் கை ஆசனப் பட்டியைக் கிளிக்கென்று மாட்டியது.

"சீச்சீ, அதென்ன கதை? நீங்கள் போட்டு வாங்கோ," என்றார் அம்பலவாணன். மரியாதை அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது.

"இல்லை மச்சான், அது சரியில்லை..."

"பிள்ளையளை இறக்கிறதோ? பேசாமல் இருங்கோ."

இரண்டு முறை அழைப்பு, இரண்டு முறை மறுப்பு. எல்லாம் முறைப்படி நிறைவேறியது. "ரெயினிலை பின்னாலை வாங்கோ தம்பி!" என்றாள் தவநாயகி. "எட்டு அம்பத்திரண்டு! ராகு காலம் வரப்போகுது!" என்றார் மாமி.

அம்பலவாணன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் வாசற்படியில் நின்றாள். ஏழு ஆண்டுகளில் ஒரு கிழமையை அவளுக்குக் கொடுக்கப் புறப்பட்டவர், கரவனையும் கொடுத்து, கடலையும் கொடுத்து, கடைசியில் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு," என்றார்.

"முதல்லை வண்டி வெளிக்கிடட்டும்," என்றாள் சிவனேஸ்வரி. உள்ளே போனவள் இரண்டே இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணியுடன் வந்து படியில் உட்கார்ந்தாள். ஒரு கோப்பையைத் தனக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அம்பலவாணன் கடைசியாக ஒரு முறை கரவனைத் தடவிப் பார்த்துவிட்டு, சாரதிப் பக்கக் கண்ணாடிக்குப் போனார். மெதுவாகச் சொன்னார்: "பீற்றர், பிழை என்னிலைதான். இன்னும் கொஞ்சம் பெரிய வண்டியாத் தெரிஞ்செடுத்திருக்க வேணும்."

பீற்றர் வண்டியை இயக்கினான். வாசற்படியில் இருந்தவளை ஒரு முறை பார்த்தான். பிறகு தலையை வெளியே நீட்டி, அம்பலவாணனின் காதோடு சொன்னான்:

"பதினைஞ்சு சீற் வண்டியும் யார்ட்டிலை நிண்டதுதான் அண்ணை, சிவனேஸ்வரி அக்காதான் ஆனி மாசமே ரெலிபோன் எடுத்து, 'எங்கட ரெண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் மட்டுமட்டாப் போகக்கூடிய வண்டியா ஒண்டு எடுத்து வை தம்பி, ஆக்களை நான் பாத்துக்கொள்ளுறன்' எண்டு சொன்னவ."